எந்த வீட்டு இரத்தம், மாமா?

நேற்று புதுச்சேரியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெரியவர் மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்துத் தட்டித் திறந்தார். அந்தக் காரநெடி மூக்கில் ஏறியதுமே நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். செத்து இத்தனை காலம் ஆகியும், கூப்பிடாத இடத்துக்கு வந்து நடுவில் உட்காரும் பழக்கம் உங்களை விட்டுப் போகவில்லை.

மாமா, கடிதத்தின் தலையில் அன்பைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மரியாதையில் மட்டும் குறை வைக்க மாட்டேன். ஒருவரை மரியாதையாகப் பேசிக்கொண்டே எப்படிக் காலடியில் போட்டு மிதிப்பது என்பதை உங்கள் வீட்டில்தானே கற்றுக்கொண்டேன்.

மருத்துவமனைக்குப் போனது என் பேரனுக்காக. நம் குமாரின் மகன். குமாரை உங்களுக்குக் கைக்குழந்தையாகத்தான் தெரியும். பையனுக்கு நாலு வயது ஆகப்போகிறது, பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. டாக்டர் ஒரு சின்னப் பெண். குடும்பத்தைப் படமாகப் போட்டாள், ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். இரண்டு பக்கத்திலும் இப்படி யாராவது இருந்தார்களா என்று கேட்டாள். என் மருமகள் சுதா தலையைக் குனிந்துகொண்டு, "எங்க பக்கத்துல யாரும் இல்லீங்க டாக்டர்" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடிபட்டவளின் குரல். அவள் எதையும் திருடவில்லை.

நான் முதலில் குமாரின் அக்கா வாசுகியைச் சொன்னேன். பிறகு உங்களைச் சொன்னேன். உங்களைச் சொன்னபோது சுதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

டாக்டர் பெண் பொறுமையாக விளக்கினாள். "இது பெரும்பாலும் பொறக்கும்போதே இருக்கறதும்மா. பரம்பரையா வர்ற சின்னச் சின்ன விஷயங்க நெறைய ஒண்ணு சேருது. அப்பா பக்கம், அம்மா பக்கம், ரெண்டுல இருந்தும் வரலாம். சில பேருக்குப் புதுசாவும் வரும். வயித்துல இருக்கறப்போ, பொறக்கறப்போ நடக்கறதும் கொஞ்சம் சேந்துக்கும். ஆனா அம்மா பாசம் காட்டலன்னு யாருக்கும் இது வர்றதில்ல."

கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்து, சத்தமாக ஒருமுறை சொன்னாள்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கிளியனூரில் விவசாயக் குடும்பம், ஆசிரியப் பயிற்சி முடித்தவள், உங்கள் ஊர் மரக்காணத்திலேயே ஆரம்பப் பள்ளியில் வேலை. வேலைக்குப் போகும் மருமகள் என்று உப்பு வாங்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வது உங்களுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெருமை வாசுகிக்கு இரண்டு வயது ஆகும் வரை நீடித்தது.

உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு முதல் வருஷமே மனப்பாடம். காலையில் உப்பளத்துக்குப் போனால் ஒரே வரப்பில், ஒரே திசையில் சுற்றுவீர்கள். தண்ணீர் இறைக்கும் எஞ்சின் கொட்டகைக் கம்பத்தை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் அடுத்த பாத்திக்கு நகர்வீர்கள். வழியில் உப்பு வண்டி குறுக்கே நின்றால் சுற்றிப் போக மாட்டீர்கள், வண்டி நகரும் வரை நிற்பீர்கள். சோறு ஒரு தட்டில், குழம்பு தனிக் கிண்ணத்தில். ஒன்றன்மேல் ஒன்று பட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவீர்கள். கஞ்சி போட்ட வேட்டி உடம்பில் உரசினால் தாங்காது. யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டீர்கள். மருமகள் என்பதால் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் வியாபாரிகளின் முகத்தையும் நீங்கள் பார்ப்பதில்லை. ஊரில் இதற்கெல்லாம் பெரிய மனுஷன் தோரணை என்று பெயர். உப்பளம் வைத்திருந்தால் தோரணை. அதையே இரண்டு வயதுக் குழந்தை செய்தால் சாபம்.

வாசுகி தண்ணி என்பாள், பாட்டியைப் பார்த்து ஆயா என்பாள், காக்காவைக் காட்டிக் கா என்பாள். ஒன்றரை வயதுக்குப் பிறகு அந்தச் சில சொற்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. புளியங்கொட்டைகளை நூல் பிடித்தாற்போல் வரிசையாக அடுக்குவாள். ஒன்றை நகர்த்தினால் வீடு அதிரக் கத்துவாள். அளத்தில் எஞ்சின் ஓடத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டுவிடுவாள். பிசைந்த சோற்றை வாயில் வைத்தால் துப்புவாள்.

நீங்கள் அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு காலை எனக்கு நினைவிருக்கிறது. அன்று நீங்கள் சாப்பிடாமலே வெளியே போனீர்கள். பேத்தி மேல் கவலை என்று நினைத்துக்கொண்டேன். என்ன நல்ல மனசு எனக்கு!

மறுநாளே தீர்ப்பு வந்தது. கூடத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், சுவருக்குச் சொன்னீர்கள். "எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு பொறந்ததே இல்ல. இது கிளியனூர் ரத்தம்."

ஆதாரமும் கண்டுபிடித்தீர்கள். என் தாய்மாமன் ஒருவர், சிறு வயதில் காய்ச்சல் கண்டு காது போனவர். என் கல்யாணப் பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறிய மனிதர். உங்கள் இலையில் இரண்டு தடவை பாயசம் ஊற்றியவர். அவரைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றினீர்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு செவிடு இருக்கிறான், அதுதான் இங்கே வந்து விளைந்திருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னீர்கள். காய்ச்சலில் போன காதுக்கும் இந்தக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உங்கள் மகனும் கேட்கவில்லை. அவர் அப்போது தரையைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

இரத்தம் போதாது என்று பட்டதோ என்னவோ, அடுத்து வளர்ப்புக்கு வந்தீர்கள். மாசமாக இருந்தபோது உச்சி வெயிலில் அளத்து வழியாகப் பள்ளிக்கூடம் போனேனாம், உப்பின் கண்கூச்சம் வயிற்றுக்குள் இறங்கிவிட்டதாம். கிரகணத்தன்று வெளியே நின்றேனாம். பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனேனாம்.

நேற்று மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது சுதா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் வேலைக்குப் போனேனே, அதனாலயா அத்தை?" அவளை அப்படி யாரும் சொல்லவில்லை. குமார் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. உங்களை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வி அவளைத் தேடி வந்துவிட்டது. "இல்லம்மா" என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

அன்று உங்கள் தீர்ப்புகளுக்குப் பிறகுதான் மெட்ராஸ் டாக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நீங்கள், உங்கள் மகன், நான், மடியில் வாசுகி. ஆட்டிசம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அந்தக் குழந்தையை நீ விரும்பிப் பெற்றாயா, கட்டி அணைப்பாயா, கொஞ்சுவாயா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் பயத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லில் பதில் சொன்னேன். விறைத்து உட்கார்ந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் மகனிடம் இங்கிலீஷில் சொன்னார், எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு. மனசில் ஈரமில்லாத தாய்க்கு இப்படிப் பிள்ளைகள் வருவார்களாம், குளிர் தாங்காமல் உள்ளேயே ஒடுங்கிவிடுவார்களாம். கொஞ்ச காலம் தாயைப் பிரித்து வைத்துச் சூழ்நிலையை மாற்றிப் பார்க்க வேண்டுமாம்.

வைகாசி வெயிலில் உப்பு வெடிக்கிற ஊரிலிருந்து வந்தவளிடம் குளிர் என்று சொன்ன அந்த மேதாவியை நான் இன்றுவரை மறக்கவில்லை. பல வருஷம் கழித்து, அந்தக் கொள்கையே தப்பு என்று பெரிய படிப்பாளிகளெல்லாம் ஒதுக்கிவிட்டார்கள் என்று படித்தேன். அவர் தன்னிடம் வந்த தாய்மாரில் ஒருத்தியையாவது கூப்பிட்டு அதைச் சொல்லியிருப்பாரா? ஓய்வு பெற்று, மாலை போட்டுக்கொண்டு போயிருப்பார்.

ஆனால் அவரை விடுங்கள். அவர் புத்தகத்தில் படித்ததை நம்பினார். நீங்கள்? ஜுரத்துக்கு ஒரு மாத்திரைகூட இங்கிலீஷ் டாக்டரிடம் வாங்காத நீங்கள், அவர் சொன்னதைத் திண்டிவனம் வரும் வரை பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நேற்று வரை இரத்தம், இன்றைக்குப் பாசம், இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று உங்களுக்குக் கேள்வியே வரவில்லை. இரத்தம் என்றால் என் இரத்தம், வளர்ப்பு என்றால் என் வளர்ப்பு. உங்கள் வீட்டுக்கு இரண்டிலும் பங்கில்லை. ஏதோ அந்தக் குழந்தையை நான் ஒருத்தியாகவே களிமண்ணில் பிசைந்து செய்துவிட்டது போல.

நான் மாட்டேன் என்றேன். அழுதேன். அப்போது சொன்னீர்கள்: "அதுக்கு அம்மா யாரு, ஆயா யாருன்னே தெரியாது. நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். கெளம்பு." உங்கள் மகன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். பெட்டி தூக்குவதில் அவர் எப்போதுமே ஒத்தாசையானவர்.

கிளியனூரில் அந்த மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல விருப்பமில்லை. அது உங்களுக்கு உரிமையான விஷயமல்ல. என் அப்பா ஒருமுறை உங்களைப் பார்க்க வந்தார். முற்றத்தில் நிற்க வைத்தே பேசி அனுப்பினீர்கள். அவர் திரும்பி வந்து, குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் பஸ் ஏறினேன்.

உப்பு வாரும் பருவம். வீட்டில் அத்தை மட்டும் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவாமலே எழுந்து வந்து அழுதார்கள். நான் போன பிறகு வாசுகி கொல்லைக் கதவருகிலேயே நின்று நெற்றியால் முட்டிக்கொண்டே இருந்தாளாம், புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி. சோறு இறங்கவில்லையாம்.

அவள் எங்கே என்று கேட்டேன். உங்களோடு அளத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

"அவுருகூடத்தான் இருக்குது இப்போ. அவுரும் இப்பிடித்தாம்மா இருந்தாரு. ஏழு வயசு வரிக்கும் பேச்சே இல்லியாம். அவங்கம்மா சாவறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னாங்க. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அவுரு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

உங்களுக்கு இது தெரியுமா, வாசுகியைப் பார்த்தபோது தோன்றியதா என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா. மொதமொதல்ல தெரிஞ்சதே அவுருக்குத்தான். அன்னிக்கி சோறுகூட துன்னாம போனாரே."

அளத்துக்கு நடந்தேன். பாத்திகளில் பெண்கள் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் நீங்கள் வரப்பில் நடக்க, பின்னால் வாசுகி. நீங்கள் கம்பத்தைத் தொட்டீர்கள், அவள் எம்பித் தொட்டாள். குறுக்கே ஒரு வண்டி நின்றது. நீங்கள் நின்றீர்கள், அவளும் நின்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஒரு சொல் இல்லை. அந்த ஊரிலேயே அவ்வளவு இயல்பாகச் சேர்ந்திருந்த இரண்டு பேரை நான் பார்த்ததில்லை.

வேறு யாராவதாக இருந்தால் அந்தக் காட்சியில் மனம் இளகியிருக்கலாம். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவளுக்கு எந்தச் சத்தம் வலிக்கும், எந்தத் துணி உறுத்தும், குழம்பு ஏன் சோற்றில் படக்கூடாது என்பதெல்லாம் உள்ளிருந்து தெரிந்த ஒரே ஆள் நீங்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானும் இப்படித்தான் இருந்தேன், பயப்படாதே என்று. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. என் தாய்மாமனைச் சொல்ல வந்தது.

வாசுகி என்னைப் பார்த்து ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து, என் சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்துத் தன் நெற்றிக் காயத்தின் மேல் வைத்தாள்.

உப்புக் குவியலருகே உங்கள் மகனும், மீன் பதப்படுத்த உப்பு வாங்க வரும் கூனிமேட்டு பாயும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படிதான் கேட்டேன். "மாமா, நீங்க எத்தினி வயசுல பேச ஆரம்பிச்சீங்க?"

நீங்கள் குனிந்து காலடியில் கிடந்த உப்புக் கட்டியை எடுத்துக் குவியலில் வைத்தீர்கள். "இன்னா கேள்வி இது?" என்று உங்கள் மகன் என்னை அதட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் குரல் எழும்பியது அன்றைக்குத்தான், அதுவும் என்னிடம்.

"உங்கப்பாவ கேளுங்க. கிளியனூர் ரத்தம்னு ஊரெல்லாம் சொன்னாரே, ஏழு வயசு வரிக்கும் பேசாம இருந்தது எந்த ஊரு ரத்தம்னு கேளுங்க."

பாய் உங்களைப் பார்த்தார், உங்கள் பின்னால் அதே மாதிரி நின்ற குழந்தையைப் பார்த்தார். விஷயம் தெரிந்த மனிதர். "அப்பறமா வர்றேங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "நான் பேசிட்டேன் இல்ல? அது பேசுமா?"

அவ்வளவுதான் உங்கள் நியாயம். கரையேறிவிட்டவர் நீங்கள், தண்ணீரில் தத்தளிக்கிறவளை உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னேன்: "ஒங்கள யாரும் ஒங்க அம்மாகிட்டயிருந்து பிரிச்சு வைக்கலியே மாமா."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். உடனே திரும்பிக்கொண்டீர்கள். வரப்பில் விட்ட இடத்திலிருந்து சுற்றைத் தொடர்ந்தீர்கள்.

அன்றே வாசுகியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு அறைக்குப் போனேன். உங்கள் மகன் சில மாதம் கழித்துத் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே விட்டேன். அவர் பிற்பாடு வாசுகிக்கு நல்ல அப்பாவாகவே இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். நீங்களோ, மருமகள் குடும்பத்தை உடைத்துவிட்டாள் என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்கவில்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசுகியை அளத்துக்கு அனுப்பினேன். அந்த வரப்பில் நடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுக்காக அனுப்பினேன்.

இரத்தத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மாமா. அந்த நடை, கம்பத்தைத் தொடுவது, முகத்தைப் பார்க்க முடியாத தவிப்பு எல்லாம் உங்களிடமிருந்து வந்திருக்கலாம். என் பக்கத்திலிருந்தும் ஏதோ சேர்ந்திருக்கும், டாக்டர் சொன்னது போல. சேர்ந்திருந்தால் என்ன? தெரிந்துகொண்டே ஒருத்தியின் தலையில் பழியைப் போட்டீர்களே, அது எந்த வம்சத்திலிருந்தும் வந்ததில்லை. எந்தச் சூழ்நிலையும் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதை நீங்களாகவே செய்தீர்கள்.

போன ஆடி அமாவாசைக்குக் குமார் உங்களுக்குப் படையல் போட்டான். கீழ்புத்துப்பட்டிலிருந்து உங்கள் தங்கை மகள் வந்திருந்தாள். பெரியவர் மாதிரி உண்டா, தங்கமான மனுஷர் என்று பேசிக்கொண்டே இருந்தாள். வாசுகி ஓரமாக உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது தாண்டிவிட்டது அவளுக்கு. ஒரு நாளில் விரல் விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான், அதுவும் தேவைப்பட்டால்தான். அவளிடம் குனிந்து, "தாத்தா ஒன்ன நல்லா பாத்துக்கினாரா கண்ணு?" என்று கேட்டாள் உங்கள் தங்கை மகள்.

வாசுகி மடிப்பை நிறுத்தவில்லை. "அம்மா இல்ல" என்றாள்.

"இதோ இருக்காங்களே அம்மா" என்று அவள் என்னைக் காட்டிச் சிரித்தாள்.

வாசுகி தலையை ஆட்டினாள். "அப்போ" என்றாள். துண்டின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் சொன்னாள். "அப்போ அம்மா இல்ல."

சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்துக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய் அடுப்பருகே நின்றுகொண்டேன். நான் இல்லாத அந்த மாதங்களை இத்தனை வருஷம் தனியாக வைத்திருந்திருக்கிறாள். இப்போது என்னிடமும் கொடுத்துவிட்டாள். உங்களை மன்னிக்கச் சொல்லிக் குமார்கூடக் கேட்கிறான். என் கையில் அதற்கு இடமில்லை, மாமா. அவள் கொடுத்ததை வைத்திருக்கிறேன்.